வண்டி பழகிய கதை

புதுக் கார் வந்த நாளிலிருந்து கணவன் வாயில் வேறு பேச்சே இல்லை. ஆனால் சாலையில் சின்னக் கல் கிடந்தாலும் பின்சீட்டில் மாமியாரின் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது.

"டயர் கல்லு மாதிரி இருக்குங்க. கொஞ்சம் காத்தை எறக்கிப் பாக்கலாமே?" என்றாள் மனைவி.

"காத்து நெறைய இருந்தாத்தான் மைலேஜ் கிடைக்கும். உனக்கென்ன தெரியும்? போகப் போக வண்டி பழகிடும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, பெட்ரோல் பங்கில் இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றச் சொன்னான்.

மாமியார் தைலமும் கையுமாகப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கார்க் கதவோர ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்கு நாலு டயரிலும் காற்றை இறக்கினாள் மனைவி.

அன்று மாலை அதே சாலை, அதே பள்ளங்கள். மாமியார் பின்சீட்டில் குறட்டையே விட்டாள்.

"பாத்தியா? பழகிடும்னு சொன்னேன்ல!"

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த அவளுடைய அண்ணனிடம், "உங்க தங்கச்சி பேச்சக் கேட்டுக் காத்தை எறக்கியிருந்தா வண்டியே வீணாப் போயிருக்கும், மச்சான்" என்றானே, அதுதான் பொறுக்கவில்லை.

விடிந்ததும் காரைத் தானே பங்குக்கு ஓட்டிப்போய், "நல்லா கல்லு மாதிரி ஏத்துங்க" என்றாள். திரும்பி வந்து மாமியாரை முன்சீட்டில் மெத்தை போட்டு உட்கார வைத்தாள்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

முதல் பள்ளத்திலேயே பின்சீட்டிலிருந்து "அம்மா!" என்று அலறல் கேட்டது.

"கவலப்படாதீங்க" என்றாள், வேகத்தைக் குறைக்காமல். "போகப் போகப் பழகிடும்."