இரண்டு பெட்டிகளும் ஒரு கடலும்

மாடி அறையின் கடைசி ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்து முடித்துவிட்டு ஷரீப் விளக்கை அணைத்துப் பார்த்தார். பட்டப்பகலில் தன் கை தனக்கே தெரியாத இருட்டு. அவருக்குத் திருப்தியாக இருந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் ஆசாத் கீழே நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் போகும்போது இரண்டு பெட்டிகளில் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எதை என்று இன்றைக்கு முடிவாகிவிடும்.

அந்த வருடம் ஷரீபைப் பொறுத்தவரை உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் எச்.டி. டிவிடி, இன்னொரு பக்கம் புளூ-ரே. இரண்டும் டிவியில் துல்லியமாகப் படம் ஓட்டும் புதுப் பெட்டிகள். இதன் வட்டு அதில் ஓடாது, அதன் வட்டு இதில் ஓடாது. எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று தெரியாததால் ஆசாத்தை நச்சரித்து இரண்டு பெட்டிகளையும் வரவழைத்தார். ஒரே கடல் படத்தை இரண்டு வட்டிலும் வாங்கினார். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான். உத்தமபாளையத்தில் அவருடைய ஏலக்காய்க் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டால்கூட, கறுப்பு எதில் கறுப்பாகத் தெரிகிறது என்றுதான் பதில் சொன்னார்.

தீர்ப்பு சொல்ல அவர் நியமித்திருந்தது மனைவி மெகருன்னிசாவை. காரணம் இருந்தது. போடி ஏலத்துக்குப் போகிற சாம்பிள் காயைப் பொறுக்கித் தருவது அவள்தான். வெடித்தது, வெளுத்தது ஒன்று தப்பாது. காயைப் பார்க்கிற கண் படத்தையும் பார்க்கும் என்பது ஷரீபின் கணக்கு. கொஞ்ச நாளாக அவளுக்குக் கவனம் போதவில்லை என்ற குறை மட்டும் அவருக்கு உண்டு. சாம்பிளில் வெடித்த காய் கிடந்து ஏலத்தில் தலைகுனிய வேண்டியதாயிற்று. சோற்றில் கல் கடிபட்டது. புதிதாக வெள்ளையடித்த மாடிப்படிச் சுவரைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்குகிறாள் என்றும் சத்தம் போட்டிருந்தார். அவள் எதற்கும் எதிர்வாதம் செய்யவில்லை.

ஆசாத் மேலே வந்தான். பின்னாலேயே மெகருன்னிசா வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷரீப் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். காது கேட்டால் கண் ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. எச்.டி. டிவிடியில் கடல் விரிந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அவள் நன்றாக இருக்கிறது என்றாள்.

"இப்ப இதப் பாரு," என்று அடுத்த வட்டைத் தள்ளிவிட்டுப் பெருமையோடு திரும்பி அவள் முகத்தையே பார்த்தார்.

மெகருன்னிசா முன்னால் சாய்ந்தாள்.

"இதுதேன் ஒசத்தி. மீனு கைக்கிட்ட வந்துட்டுப் போற மாதிரி இருக்கு."

ஆசாத் வெடித்துச் சிரித்தான். ஷரீப் திரையைப் பார்த்தார். அவசரத்தில், முதல் பெட்டியிலிருந்து எடுத்த வட்டையே புளூ-ரே பெட்டிக்குள் போட்டிருக்கிறார். பெட்டி அதைப் படிக்க முடியாமல், இந்த வட்டு ஓடாது என்று நடுவில் ஒரு வரியை எழுதிவைத்திருந்தது. மற்றபடி திரை முழுக்க வெறும் நீலம். அவருக்கு முகம் சுட்டது. என் வீட்டுக்காரி பார்த்துச் சொன்னால் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார்.

"படமே வரல. வராத மீனப் பாத்தாளாம். ஏன் இப்டி மானத்த வாங்குற?"

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் ஆசாத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து அக்காவின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்துக்கு நேரே கையை அசைத்தான். அவள் கண் கையோடு போகவில்லை. நீல வெளிச்சத்திலேயே நிலைத்திருந்தது.

"எத்தன நாளாக்கா?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு தம்பியிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பழைய டிவி இருக்கும்போதே மங்கலாத் தெரியுதுன்னு மச்சான்கிட்டச் சொன்னேன். டிவி சரியில்லன்னு அவுக புதுசு வாங்கியாந்தாக. அப்பவும் மங்கலாத்தேன் இருந்துச்சு. பெறகு இந்தப் பொட்டிக வந்துச்சு. இம்புட்டு ஆசையாச் செய்றவுககிட்ட இன்னும் மங்கலுன்னு எப்டிச் சொல்லுவேன்?"

அக்காவுக்கு இருக்கிற சர்க்கரை நோய் கண்ணுக்கு வந்திருக்கும், நாளைக் காலையிலேயே மதுரைக்குப் போய்விடுவோம் என்று ஆசாத் சொல்லிக்கொண்டே இருந்தான். இத்தனை நாளும் ஷரீப் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தன் பெட்டிக்குப் பாராட்டு இருக்கிறதா என்று தேடினாரே தவிர, கண்ணைப் பார்க்கவில்லை. மச்சினனுக்கு எதிரில் சற்றுமுன் சொன்ன வார்த்தை இன்னும் அறைக்குள்ளேயே நின்றது. வெட்கம் அவரை எழவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

டீ போடுகிறேன் என்று மெகருன்னிசா எழுந்தாள். ஆசாத் கையைப் பிடிக்கப் போனான். வேண்டாம், பழகிவிட்டது என்று தனியாகவே இறங்கினாள். ஷரீப் கதவோரம் வந்து நின்றார். மாடிப்படியில் நல்ல வெயில். வெள்ளைச் சுவரில் அவள் கை மட்டத்துக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்குக் கோடு, திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் அகலமாகி, கடைசிப் படிவரை ஒரு இடத்திலும் விட்டுப்போகாமல் ஓடியது. அவளுடைய விரல்கள் அதன்மேலேயே போய்க்கொண்டிருந்தன.