மலருக்குப் பதினொண்ணு வேணும்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். அது தெரிஞ்சுதான் எங்க கம்பெனில யாரும் என் சாப்பாட்டப் பத்தி வாயத் திறக்கிறதில்ல. சிங்கப்பூருக்கு இந்தக் கரைல, பாசிர் கூடாங்ல, இரும்புக் குழாய் செய்யிற கம்பெனி. அதோட சாப்பாட்டுக் கண்டின பத்தொம்பது வருஷமா நான்தான் நடத்துறேன். பேரு பேச்சியம்மாள், வீடு மாசாய்ல. அப்பேர்ப்பட்ட என் சாப்பாட்டுல எங்கிருந்தோ ஒரு பொண்ணு வந்து கை வச்சா எனக்கு எப்படி இருக்கும்? அவ இந்தப் பக்கம் வந்தா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் இருந்தேன். இப்ப அவளப் பத்தி யாராவது தப்பா ஒரு வார்த்த சொல்லட்டும், அன்னைக்கு அவங்களுக்குச் சோறு கிடையாது.

எல்லாம் மலரால வந்தது. மலர் பேக்கிங்ல வேலை செய்யிறவ. முப்பத்தி நாலு வயசு, ரெண்டு பொண்ணுங்க. புருஷன் கமலநாதனுக்கு சிங்கப்பூர்ல வேலை, விடியிறதுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டிருவாரு. மலருக்கு ஒரே ஒரு ஆசைதான், கிரேன் ஓட்டணும். எங்க கம்பெனி கூரைக்குக் கீழ, இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு ஒரு கிரேன் போகும். அதுல ஒரு கண்ணாடி ரூம்பு. அதுக்குள்ள உக்காந்திருக்கிற ஆளு ரெண்டு கைப்பிடியப் புடிச்சு, அவ்வளவு பெரிய குழாய்க் கட்டத் தூக்கிச் சத்தமில்லாம லாரில எறக்கி வைப்பாரு. பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் அதுல ஏறுனதில்ல. "பத்து வருஷமா கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா"ன்னு மலர் சொல்லுவா.

கிரேன்காரர் ஒருத்தர் ரிட்டையர் ஆகப் போறாருன்னு தெரிஞ்சதும் எழுதிப் போட்டா. பயிற்சிக்குப் போனா, பரீட்சையும் பாஸ் பண்ணா. கடைசில மெடிக்கல்ல மாட்டிக்கிட்டா. ரத்தம் எட்டு பாயிண்ட் ரெண்டுதான் இருந்துச்சு. பதினொண்ணுக்குக் கீழ இருந்தா மேல ஏத்த மாட்டாங்களாம். அதுவும் நியாயந்தானே, மேல இருக்கிறவளுக்குத் தல சுத்துனா கீழ நிக்கிறவன் தலைலதான் குழாய் விழும். நாலு மாசம் டைம் குடுத்தாங்க. அதுக்குள்ள பதினொண்ணு வரலன்னா அந்த எடம் ஸ்டோர்ல இருக்கிற தங்கராஜுக்கு.

மலருக்கு மாசத்துல அஞ்சாறு நாளு ரொம்பப் போகும். பொம்பளைன்னா அப்படித்தான்னு அவளும் இருந்துட்டா, நானும் அப்படித்தான் சொல்லிருக்கேன். டாக்டர் ஸ்கேன் எடுத்து அதுக்குத் தனியா மருந்து குடுத்தாரு, இரும்புச் சத்து மாத்திரையும் குடுத்தாரு. அதோட விடாம, என்ன சாப்பிடணும்னு சொல்றதுக்குன்னே அதே கிளினிக்ல இருக்கிற மீனலோசனிகிட்ட அனுப்புனாரு. சிலோன்காரப் பொண்ணு, முப்பது வயசுகூட இருக்காது, வெளிநாட்டுல படிச்சதாம்.

நான் நினைச்சது என்னன்னா, ஒரு காகிதத்த நீட்டி, எங்க வாய்ல நுழையாத மீன் பேரும் கீரை பேரும் படிப்பான்னு. மலர் திரும்பி வந்து சொன்னதே வேற. ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணு கேள்விதான் கேட்டுச்சாம். எத்தன மணிக்கு எந்திரிக்கிறே, எந்த வாசம் பட்டா கொமட்டுது, எந்தெந்தக் கெழமை சைவம், மாசத்துல எந்த நாள்ல கால் வலிக்குது, பிள்ளைங்க மிச்சம் வச்சத நீதான் சாப்பிடுறியான்னு எல்லாம். ஈரல் வாசமே மலருக்கு ஆகாது. சரி, ஈரல் வேணாம், வாரத்துல ரெண்டு நாள் கெராங் சிப்பி நல்லா வேகவச்சுச் சாப்பிடுன்னு சொல்லிருக்கு. செவ்வாய் வெள்ளி சைவமா, வெரதத்த விட வேணாம், அன்னைக்குப் பருப்பும் கங்கோங் கீரையும் கூட்டிக்க, மேல எலுமிச்சை புழிஞ்சுக்க, கொய்யாப் பழம் ரெண்டு துண்டு கடிச்சுக்கன்னு சொல்லிருக்கு. சாப்பிடுற தட்ட போன்ல படம் புடிச்சு தெனமும் அனுப்பச் சொல்லிருக்கு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பத்து வருஷமா என் கையால சாப்பிட்டவ, என் கவுண்டர்ல தட்ட வாங்கி, அதுல வீட்லேருந்து கொண்டாந்த டப்பாவத் தொறந்து என்னத்தையோ கொட்டிக் கலந்து, போன எடுத்துப் படம் புடிக்கிறா. என் கொழம்புல என்னடி கொறச்சல்னு கேட்டே போட்டேன். அவ பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டா.

போதாததுக்கு ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கிற சாந்தினியும் அதே பொண்ணுகிட்டப் போனா. சாந்தினிக்கு மாசம் ஒழுங்கா வராது, சக்கரை வேற வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அவளுக்கு அந்தப் பொண்ணு சொன்னது அப்படியே தலைகீழ். சோத்தக் கொற, காலைல இனிப்பு ரொட்டிய விடு, மொதல்ல முட்டையும் காயும் சாப்பிடு, அப்புறம் சோத்துக்குப் போன்னு. மலருக்குக் கூட்டு, சாந்தினிக்குக் கொற! பாத்தியா, ஆளுக்கு ஒரு பேச்சு பேசுறா, இது சுத்த ஏமாத்து வேலன்னு கண்டின் முழுக்க நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆறு வாரம் கழிச்சு மலர் ரத்தத்த டெஸ்டுக்குக் குடுத்துட்டு வந்தா. எட்டு பாயிண்ட் நாலு. ஆறு வாரத்துக்கு அவ்வளவுதான். கண்டின் பின்னாடி, கேஸ் சிலிண்டர்த் தோம்பு வைக்கிற எடத்துல நின்னு அழுதா. எனக்கு உள்ளுக்குள்ள, நான் அப்பவே சொன்னேன்லன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, வந்துச்சு. ஆனா அவ அழுதத என்னால பாக்க முடியல. அந்த மாத்திர வேற ஆணியக் கடிச்ச மாதிரி இருக்கும்பா. அதுக்காக மொதல் நாள்லேருந்தே நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுப்பேன். தூள அள்ளிப் போட்டு, நல்லாக் கொதிக்க விட்டு, இஞ்சி தட்டி, கட்டிப்பால் ஊத்தி, மூணு தடவ ஆத்தி. இதுக்குக் காசு வாங்க மாட்டேன். அன்னைலேருந்து இன்னும் ரெண்டு கரண்டித் தூள் கூடப் போட்டேன், பிள்ளைக்குத் தெம்பு வரட்டும்னு.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணே நேர்ல வந்து நின்னுச்சு. பாஸ் வாங்கி, தலைல தொப்பி மாட்டிக்கிட்டு, என் கவுண்டர் முன்னாடி வந்து, "அக்கா, நான் மீனலோசனி. இன்னைக்கு முழுக்க இங்க ஒரு ஓரமா உக்காந்துக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு நிக்குது, நான் சரின்னு சொல்ற வரைக்கும் உக்காரல. சேத்து வச்ச நாலு கேள்வியையும் அப்புறம் கேட்டுக்கலாம்னு வச்சுட்டேன். தட்டு நெறையச் சோத்தப் போட்டுக் கொண்டுபோய் வச்சேன், பாப்போம் இவ திங்கிற லட்சணத்தன்னு. ஒரு பருக்க மிச்சம் வைக்காம சாப்பிட்டுச்சு. நெத்திலிச் சம்பலுக்கு ரெண்டாந்தடவ கை நீட்டுச்சு. சாப்பிட்டுட்டு, புளி எவ்வளவு, கீரைய எப்ப எறக்குவீங்கன்னு என்கிட்டயே பாடம் கேட்டுச்சு. அதுக்கு மேல எப்படிச் சண்ட போடுறது?

பன்னெண்டரைக்கு மணி அடிச்சுது. மலர் வந்தா, தட்ட வாங்குனா, போன எடுத்துப் படம் புடிச்சா, சாப்பிட்டா. அவ முடிக்கிற நேரம் பாத்து நான் எப்பவும் போலத் தேத்தண்ணியக் கொண்டுபோய் வச்சேன். அவ பையிலேருந்து மாத்திரய எடுத்து வாய்ல போட்டு, ஒரு மொடக்குத் தேத்தண்ணி குடிச்சா. மூலைல உக்காந்திருந்த மீனலோசனி அந்தத் தம்ளரையே பாத்துச்சு. மலர் வேலைக்குப் போற வரைக்கும் காத்திருந்துச்சு. அப்புறம் என் பக்கத்துல வந்து, பாத்திரம் கழுவுற எடத்துக்குக் கொஞ்சம் வாங்கக்கான்னு கூப்பிட்டுச்சு.

"அந்தத் தேத்தண்ணி தெனமும் உண்டா அக்கா?"

எனக்குப் பெருமை வேற. தெனமுமா, காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, போகும்போது ஒண்ணுன்னு சொன்னேன். இத்தன வாரமா அனுப்புன ஒரு படத்துலயும் அது இல்லையேன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தட்டத்தானே புடிக்கச் சொன்னே, தேத்தண்ணி சாப்பாடாம்மா? அத யாரு கணக்குல வைப்பா? எங்க வீட்டுக்கு வந்து பத்து தம்ளர் குடிச்சவங்களும், உங்க வீட்ல நான் ஒண்ணுமே சாப்பிடலன்னுதானே சொல்லுவாங்க?

அது சிரிக்கல. சாப்பாட்டோட, மாத்திரையோட தேத்தண்ணி குடிச்சா, இரும்புச் சத்துல நெறைய ஒடம்புல சேராம போயிரும்னு சொல்லிச்சு. தேத்தண்ணி எவ்வளவு கனமோ அவ்வளவு நஷ்டம். மாத்திரையும் சரி, கெராங்கும் சரி, கீரையும் சரி, பாதி சும்மாவே போயிருக்கும்.

குழாயத் தொறந்து விட்டது அப்படியே ஓடுது, மூடத் தோணல. இத்தன வாரமா அந்தப் பிள்ளைக்கு வர வேண்டிய ரத்தத்த நான்தான் தட்டிப் பறிச்சிருக்கேன். அதுவும் கடைசி வாரம் இன்னும் ரெண்டு கரண்டி கூடப் போட்டு.

"நான்தான் கெடுத்தேனா?"

"இல்லக்கா. உங்க தேத்தண்ணிய விடச் சொல்ல மாட்டேன். நேரம்தான் தப்பு, அதையும் நான் கேட்டிருக்கணும். என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டேன், என்ன குடிக்கிறீங்கன்னு கேக்காம விட்டுட்டேன். தப்பு எனக்கும் உண்டு."

எத்தன படிச்சவங்களப் பாத்திருக்கேன். தப்ப இப்படிப் பாதி எனக்கும்னு வாங்கிக்கிட்ட ஆள நான் பாத்ததில்ல. இருநூறு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிருக்கலாம். நான் அவளப் பத்திப் பேசுன பேச்சுக்கு வாங்கிருக்கவும் வேணும். அந்தப் பொண்ணு என்னக் கழுவுற எடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்து, குரல எறக்கிப் பேசுச்சு. மலர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்னும் சொல்லிச்சு. வேணாம், நான்தான் சொல்லணும்னு சொல்லிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்ன மலரக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டிருந்தா எனக்கு மனசு ஆறிருக்கும். அந்தத் தேத்தண்ணி வாசம் ஆகலன்னாலும் சில நாளு குடிச்சேன்க்கா, நீங்க ஆத்திக் குடுக்கும்போது எப்படி வேணாம்னு சொல்றதுன்னு மட்டும் சொன்னா. அலமாக், அதுக்கு அவ என்ன ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம் லா.

மறுநாள்லேருந்து நான் சும்மா இருக்கல. தேத்தண்ணி மூணரை மணிக்குத்தான், அதுக்கு முன்னாடி மலர் கெஞ்சுனாலும் கிடையாது. மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணி, பக்கத்துல பெக்கான் நானாஸ் ஊரு அன்னாசி ரெண்டு கீத்து. கெராங்க நானே வாங்கி நானே வேகவச்சேன், வீட்டு டப்பாவுக்கு வேலையில்ல. ரொம்பப் போற நாளு எதுன்னு கேட்டு வச்சுக்கிட்டு, அந்த வாரம் அவ தட்டுல ஒரு கரண்டி கூட விழும். சாந்தினி வந்தா அவளுக்கு மொதல்ல காய், அப்புறம் சோறு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு, ஆளுக்கு ஒரு பேச்சுன்னு நான் கரிச்சுக் கொட்டுனது எவ்வளவு பெரிய வேலன்னு. நான் இருநூறு தட்டப் பாத்தேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி யாரு உக்காந்திருக்கான்னு பாத்துச்சு. மலர் படம் அனுப்புனா, என்ன வேலை இருந்தாலும் அன்னைக்கே பதில் வரும். இப்பல்லாம் தம்ளரும் படத்துல இருக்கணும்னு ஒரு சட்டம்.

நாலாவது மாசக் கடைசில மெடிக்கல். முடிவு வர்ற அன்னைக்குச் சாம்பாருக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டேன், ஒருத்தரும் வாயத் திறக்கல. பத்து மணிக்கு மலர் வந்து காகிதத்தக் கவுண்டர்ல வச்சா. பதினொண்ணு பாயிண்ட் மூணு. அவ கையப் புடிச்சு நகத்தப் பாத்தேன், செவந்திருந்துச்சு. அந்த நகத்துக்கு முத்தம் குடுத்தேன், யாரு பாத்தா எனக்கென்ன.

அடுத்த திங்கக்கெழமை மலர் கிரேன்ல ஏறுனா. என் கண்டினுக்கு முன்பக்கம் செவரு கெடையாது, நின்ன எடத்துலேருந்தே தெரியும். ஏணில ஒவ்வொரு படியா ஏறுனா, ஒரு எடத்துலயும் நிக்கல. மொதல் கட்டத் தூக்கி லாரில எறக்குனப்ப கீழ இருந்த ஆம்பளைங்கல்லாம் கை தட்டுனாங்க, தங்கராஜுவும்தான். நான் மீனலோசனிக்குப் போன் போட்டு, எறக்கிட்டாம்மா, எறக்கிட்டான்னு கத்துனேன். அந்தப் பக்கம் அது மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு.

பன்னெண்டரை மணிக்கு மலர் கீழ வந்தா. வரிசைல நிக்கல, நேரா கவுண்டருக்குள்ள நொழஞ்சா. ஒரு தட்ட எடுத்துச் சோறு போட்டா, கீரை வச்சா, கெராங் வச்சா. பசி போலன்னு நினைச்சேன். அவ அதக் கொண்டுபோய் மேசைல வச்சு, என் கைலேருந்து கரண்டிய வாங்கிக்கிட்டா.

"மேல இருந்து பாத்தா உங்க கண்டின் முழுசாத் தெரியுதுக்கா. காலைலேருந்து நீங்க ஒரு தடவகூட உக்காரல. ஒரு வாய் சாப்பிடல. பத்து வருஷம் கீழயே இருந்தேன், எனக்கு இது தெரியவே இல்ல."

போடி, எனக்கு எல்லாம் பழக்கம்னு சொல்ல வாயத் தொறந்தேன். ஆனா அவ சொன்னது நெசந்தான். விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்பு மூட்டுறவ, மத்தியானம் மூணு மணிக்கு ஆறிப்போனத நின்னுக்கிட்டே வழிச்சுப் போட்டுக்கிறேன். இத்தன வருஷத்துல என்ன சாப்பிட்டேன்னு யாராவது கேட்டிருந்தாக்கூட சொல்லத் தெரிஞ்சிருக்காது.

வரிசைல இருந்தவங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்க, நான் உக்காந்தேன். மலர் கரண்டியப் புடிச்சுக்கிட்டு அவங்களுக்குப் பரிமாற ஆரம்பிச்சா. நான் பாதி சாப்பிடுறதுக்குள்ள மீனலோசனிகிட்டேருந்து போன்ல மெசேஜ் வந்துச்சு, புதன்கெழமை ஒன்பது மணிக்கு எனக்கு நேரம் போட்டிருக்காம். மலர்தான் கேட்டிருக்கா. நான் தட்டப் படம் புடிச்சு அனுப்பிட்டு, மிச்சச் சோத்தச் சாப்பிட்டேன்.