எந்தக் கதவில் தட்டுவது

1

இந்தக் கதை எனக்கு இரண்டு பேரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், எங்கள் ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில், எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு காபி மேசை உண்டு. அறுவடைக் காலத்தில் லாரிக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை அங்கே உட்கார்ந்து ஊரைப் பிரித்து மேய்வார்கள். ஒருவர் கதையைச் சொல்லி முடித்தார். எதிரே இருந்தவர், "அப்படி இல்லவே இல்ல" என்று அதையே வேறு முடிவோடு சொன்னார். விசாரித்தால், இரண்டு பேருமே அந்த இடத்தில் இல்லை. இருந்த ஒரே சாட்சி ஆர்லன். அவனிடம் போய்க் கேட்டேன். "நான் வண்டிக்குள்ள இருந்தேன்" என்றான். அன்று அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

எனவே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதிப் பார்த்தேன், வரவில்லை. குழப்பத்தோடேயே எழுதுகிறேன்.

(இன்னொரு தொல்லை, கதையில் வேட்டையாடப்படும் பறவையின் பெயர். காட்டுக்கோழி என்று எழுதினால் உங்களுக்கு மேற்கு மலைச் சரிவு ஞாபகம் வரும். செம்போத்து என்றால் அது வேறு பறவை. ஃபெசன்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால், செம்புநிற உடம்பு. சட்டப்படி சேவலை மட்டும்தான் சுடலாம்.)

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, தெற்கு டகோட்டாவின் வானம்..."

[வானத்தில் தொடங்கினால் வானத்திலேயே நின்றுவிடுகிறது.]

இரண்டாவது: "மனைவியோடு விவாகரத்து வழக்கு நடக்கும்போது டுவெய்ன் அதிக தூரம் போகவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், டிராக்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்கை வைத்த ஒரு கேம்பர் வண்டியை நிறுத்தி அதில்..."

[வேடிக்கையாகத் தொனிக்கிறது. அந்தக் கேம்பருக்குள் நான் போயிருக்கிறேன். டுவெய்ன் நெட்டையன். அதில் அவனால் காலை நீட்டிப் படுக்க முடியாது.]

மூன்றாவது: "ஆர்லனிடம் ஒரு நாய் இருந்தது, ஒரு துப்பாக்கி இருந்தது, நிலம் இல்லை."

இது நிற்கிறது. ஆர்லன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் நிலம் இல்லாதவன் ஃபெசன்ட் சுட வேண்டுமென்றால் நிலம் உள்ளவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.* இருபது வருஷத்துக்கு மேலாக அவன் ஒரே வீட்டில்தான் கேட்டுவந்தான். டுவெய்ன், அவன் மனைவி மார்லிஸ் வீடு. அனுமதி கிடைத்ததும் வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை டுவெய்னும் ஆர்லனும் சேர்ந்து, கோரை மண்டிய பள்ளத்தின் இரண்டு கரையிலும் நடப்பார்கள். ஆர்லனுக்கு வருஷத்தில் வேறு திருநாள் இல்லை என்றே சொல்லலாம்.

இந்த வருஷமும் அப்படியே நடக்க வேண்டும், யார் பக்கமும் சாயாமல். அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

* கேட்பதற்கு முறை உண்டு. நேரில் போக வேண்டும். துப்பாக்கி கண்ணில் படக்கூடாது, நாய் வண்டியிலேயே இருக்கும். மழை, சோயா விலை, யாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்பதெல்லாம் பேசித் தீர்ந்து, கிளம்பும்போது திடீரென்று ஞாபகம் வந்தவன்போலப் பறவையைப் பற்றிக் கேட்க வேண்டும். திறந்திருந்த வேலிக்கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட வேண்டும். அறுக்காத சோளத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கிடைத்ததில் இரண்டைச் சுத்தம் செய்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அழகு.

3

யாரிடம் கேட்பது?

நிலம் மார்லிஸின் அப்பாவுடையது. அவர் போன பிறகு அவள் பெயருக்கு வந்தது. உழுதவன், விதைத்தவன், கடன் வாங்கி வடிகால் குழாய் பதித்தவன் டுவெய்ன். வழக்கு முடியும்வரை வீடும் அந்த வயலும் அவள் கையில் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். ஆனால் நின்றிருக்கும் பயிரை அறுக்கும் உரிமை அவனுக்கு. ஒரு வக்கீலிடம் போய், 'அப்படியானால் பறவை யாருடையது?' என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். வெளியே வந்தபோது, உள்ளே போனபோது தெரிந்திருந்ததும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆர்லனுக்கு வேறொரு குழப்பம். இத்தனை வருஷமும் அவனுக்கு அனுமதி கொடுத்தது யார்? சமையலறைக் கதவைத் தட்டுவான். மார்லிஸ் திறப்பாள். மழை, சோயா எல்லாம் அவளோடுதான். கடைசியில் அவள் உள்ளே திரும்பி, "ஆர்லன் பறவைக்குக் கேக்குறான்" என்பாள். நாற்காலியிலிருந்து டுவெய்ன், "ம்" என்பான். அந்த "ம்" அனுமதியா? இல்லை, அவள் கதவைத் திறந்ததே அனுமதியா? மாடு கன்று இரண்டும் ஒரே கொட்டிலில் இருந்தவரை யாரும் இதைக் கேட்கவில்லை.

[இந்த உவமை சரியில்லை. யார் மாடு, யார் கன்று? நிற்கட்டும், வேறு கிடைக்கவில்லை.]

4

அவன் முதலில் கேம்பருக்குத்தான் போனான். காபி மேசையில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் இது.

"வாடா. பெல் அடிக்காம வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்" என்றான் டுவெய்ன்.

"கேம்பர்ல பெல் எங்கடா இருக்கு?"

"அதான் வேற யாரும் வர்றதில்ல."

உட்கார இடமில்லை. ஆர்லன் ஹீட்டர் பக்கத்தில் நின்றான்.

"சனிக்கிழமை..." என்று இழுத்தான்.

"சனிக்கிழமைக்கு என்ன? நீ தெக்குக் கரை, நான் வடக்குக் கரை. எப்பவும் போல."

"மார்லிஸ்கிட்ட ஒரு வார்த்தை..."

"என்ன வார்த்தை? வறட்சிலகூட அந்தக் கோரைய வெட்டாம விட்டது யாரு? ஓரத்துல எட்டு வரிசை சோளம் அறுக்காம நிக்குதே, எதுக்குன்னு நெனச்சே? என் மாமியாருக்கா? பறவைக்குடா."

"கேட்டா என்னடா கொறஞ்சுபோகும்?"

"என் வயல்ல நடக்க நான் கேக்கணுமா?"

ஆர்லன் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லியிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகியிருக்கும்.

5

மறுநாள் சமையலறைக் கதவைத் தட்டினான். "தெறந்துதான் இருக்கு!" என்று குரல் வந்தது, தரை மட்டத்திலிருந்து. மார்லிஸ் பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது கால் மட்டும்.

"யாரு, ஆர்லனா? அந்த டார்ச்சைப் பிடி."

பிடித்தான்.

"ராத்திரி நல்ல மழை" என்றான்.

"ம்."

"சோயா எறங்கிடுச்சாமே."

"ஆர்லன், மழைய விட்டுட்டு விஷயத்துக்கு வா. எனக்குக் கழுத்து வலிக்குது."

"சனிக்கிழமை பறவைக்கு..."

"போயேன். எப்பவும் போறதுதானே. நாயையும் கூட்டிட்டுப் போ."

"டுவெய்னும்..."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அவனுக்கு வேணும்னா அவன் வந்து கேக்கட்டும்."

"அவன்தான மார்லிஸ் வெதச்சான்."

"வெதச்சான், நான் இல்லேங்கல. ஆனா ஒவ்வொரு வருஷமும் மின்னசோட்டாலேர்ந்து முன்னப்பின்ன தெரியாதவன்கூடத் தொப்பியக் கழட்டி என்கிட்ட கேட்டுட்டுத்தான் வயல்ல கால் வெக்கிறான். எங்கப்பா நிலத்துல என்னை ஒரு தடவகூடக் கேக்காம நடந்தது இவன் ஒருத்தன்தான். உழுறதுக்குக் கேக்கல, விக்கிறதுக்குக் கேக்கல, மேக்கால இருந்த மரங்கள வெட்டுறதுக்குக் கேக்கல. டார்ச்சை இப்படிக் காட்டு."

"கேக்கலேன்னா?"

"நீ மட்டும் நட. அவன் கால் வெச்சா ஷெரிஃபைக் கூப்பிடுவேன். சிரிக்காத."

"நான் சிரிக்கல."

"டார்ச் ஆடுது."

6

மார்லிஸ் விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஒரு பிரதியில் அவள் தொட்டிக்கு அடியில் அழுதுகொண்டிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். முகம் ஆர்லனுக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றில் புன்னகைத்தாள். அதையும் அடித்தேன். இல்லை என்று சொல்வதற்காகக் கேட்கச் சொன்னாளா, ஆம் என்று சொல்வதற்காகவா? இரண்டு மாதிரியும் எழுதினேன். அவள் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனர் சத்தம் நின்ற அந்த இடைவெளி மட்டும் ஒன்றில் கொஞ்சம் நீளமாக...

ஆர்லன் பேசாமல் தனியாகப் போயிருக்கலாம், அனுமதிதான் கிடைத்துவிட்டதே. ஆனால் ஒற்றை ஆள் நடந்தால் சேவல் பறக்காது. கோரைக்குள்ளேயே ஓடி எதிர்க்கரை வழியாக நழுவிவிடும். அதோடு, கேம்பர் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வயல் முழுக்கத் தெரியும். கூட்டாளி அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் விதைத்த வயலில் இவன் நடப்பதா?

அதனால் மார்லிஸ் சொன்னதை அப்படியே டுவெய்னிடம் போய்ச் சொன்னான். டுவெய்ன் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. சனிக்கிழமை முற்பகல் தானாகவே வந்து ஆர்லனின் பிக்கப்பில் ஏறிக்கொண்டான், வேட்டைக்கான ஆரஞ்சு மேல்சட்டை போட்டு, கையில் துப்பாக்கியோடு.

7

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் பெக் என்கிற நாய் சீட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"துப்பாக்கியோடயாடா கேக்கப் போறே?" என்றான் ஆர்லன்.

"எப்பவும் இப்படித்தானே வயலுக்கு..."

"எப்பவும் நீ கேட்டதே இல்லடா. கீழ வை. அந்த ஆரஞ்சையும் கழட்டு."

டுவெய்ன் கழற்றினான். உள்ளே சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"என்ன சொல்லணும்?"

"மொதல்ல மழை."

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துனவகிட்ட மழையப் பத்திப் பேசவா?"

"வேற எதப் பத்திப் பேசினா சண்ட வராது?"

டுவெய்ன் உண்மையாகவே யோசித்தான். "மழைதான்" என்றான்.

"பறவையக் கடைசில. திடீர்னு ஞாபகம் வந்த மாதிரி."

"நான் எதுக்கு வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியாதாக்கும்."

"எல்லாருக்கும்தான் தெரியும். தெரியாத மாதிரி நிக்கணும். அதான் மரியாத."

"மாட்டேன்னா?"

"நன்றின்னு சொல்லிட்டுத் திரும்பிடணும். ஏன்னு கேக்கக்கூடாது."

டுவெய்ன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கதவுப் பிடியில் கை வைத்தவன், திரும்பிக் கேட்டான்:

"எந்தக் கதவுல தட்டணும்?"

 

எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் பழகினவர்கள் சமையலறைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். முன்கதவுக்கு வருகிறவர்கள் விற்பனைக்காரர்கள், மதப் பிரசாரம் செய்கிறவர்கள், வழி தவறியவர்கள். சமையலறைக் கதவு டுவெய்ன் சேற்றுப் பூட்ஸோடு தட்டாமல் நுழைந்த கதவு. அங்கே நின்று தட்டினால், 'நான் இன்னும் இந்த வீட்டு ஆள்' என்று சொல்வதுபோல. முன்கதவில் தட்டினால், அந்நியன் என்று ஒத்துக்கொள்வதுபோல. போதாததற்கு, அந்த முன்கதவு திறக்காது. உட்புறம் அதை ஒட்டி, இறைச்சி வைக்கும் பெரிய உறைபெட்டி நிற்கிறது. ஒரு குளிர்காலத்தில், 'யாரு இந்தக் கதவத் தெறக்கப் போறா?' என்று சொல்லி அதை அங்கே தள்ளி வைத்தது டுவெய்ன்தான்.

8

முதலாமவர் சொன்ன முடிவு: டுவெய்ன் சமையலறைக் கதவுக்குப் போனான். தட்டத்தான் நினைத்தான். கை பழக்கத்தில் பிடியைத் திருகிவிட்டது. தட்டாமல் உள்ளே நுழைந்தவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்பதற்கு முன்பே எல்லாம் முடிந்தது.

நல்ல முடிவு. எழுதிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான்.

இரண்டாமவர் சொன்னதில் ஒரு விவரம் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை, சொல்லிவிட்டு விழித்தார். பத்திரிகைத் தொழிலில் நான் கற்றது ஒன்று: சொல்பவனுக்கே புரியாத விவரம் பெரும்பாலும் நடந்ததாக இருக்கும். அதனால் அவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன்.

டுவெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புல் முளைத்த படியேறி, முன்கதவில் தட்டினான்.

உள்ளே நடமாட்டம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்" என்றான். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டுவெய்ன்" என்றான்.

 'பின்பக்கமா வா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏதோ கனமான சாமான் தரையைக் கீறிக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது; இரண்டாமவருக்கு அர்த்தம் புரியாத விவரம் இதுதான். நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி. உறைபெட்டி முழுக்கப் பன்றி இறைச்சி. அதைத் தனி ஆளாக அவள் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அந்நியர்களுக்கான கதவில்தான் உனக்கு இனி இடம் என்று காட்டவா? இத்தனை வருஷம் அடைந்துகிடந்த கதவை அவனுக்காகத் திறக்கவா?

[இங்கே ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தேன். அது என் விளக்கம், அவளுடையது அல்ல.]

சத்தம் மறுபடி நின்றது. எதிலோ இடித்துக்கொண்டது போலும். டுவெய்ன் கையைத் தூக்கிக் கதவின்மேல் வைத்தான். உள்பக்கம் திறக்கும் கதவு அது. தோளைக் கொடுத்துத் தள்ளினால் பெட்டி நகரும். ஆனால் கதவு அவளுடையது, தள்ளச் சொல்லி அவள் கேட்கவில்லை. கையை எடுத்தான். மறுபடி வைத்தான். "மார்லிஸ், நான் தள்ளட்டுமா?" என்று கேட்டான்.

அவன் அவளிடம் முதல்முறையாகக் கேட்டது இது.

உள்ளிருந்து அவள் என்னவோ சொன்னாள். வண்டிக்குள் இருந்த ஆர்லன் அதைக் கேட்கவில்லை என்கிறான். கேட்டிருக்க முடியும், ஜன்னல் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த நேரம் பெக் குரைக்கத் தொடங்கியது. அவன் பின்னால் சாய்ந்து அதைத் தன் மடிக்கு இழுத்து, அதன் இரண்டு காதுகளையும் பொத்தினான். ஏன் காதைப் பொத்தினாய், வாயை அல்லவா பிடித்திருக்க வேண்டும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

இன்னும் சற்று நேரத்தில் மணி பன்னிரண்டு, வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் சுடலாம், அனுமதி இருந்தால்.

நானும் ஆர்லன் பக்கத்தில், வண்டிக்குள்ளேயேதான் இருக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டுமென்றால் நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். எந்தக் கதவுக்குப் போகிறீர்கள் என்று மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.