மூன்று சிட்டிகை நீலம்

ஒனோரின் இரண்டு கைகளையும் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுப் பாவாடையை அமுக்கினாள். எட்டு அடுக்கு வலைத்துணி. உள்ளே சிக்கிய காற்றால் ஒவ்வொரு அடுக்கும் மேலே மிதந்து வந்தது. மறுபடி அமுக்கினாள். படிகாரமும் வெண்காரமும் கரைத்த தண்ணீர் விரல் இடுக்கு வெடிப்புகளில் ஏறி எரிந்தது.

நாடகசாலையின் உச்சி மாடியில், கூரைக்கு அடியில் இருந்தது உடைக்கூடம். எதிர் மேசையில் பெலாஜி இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே சேர்ந்து இருபத்தாறு வருடமாகிறது.

"உன் பொண்ணுதான் முக்க வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டாளே" என்றாள் பெலாஜி.

"அவ போட்டா. நான் போடலையே."

"நான் வந்த புதுசுல பாவாடை கணுக்கால் வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் கெண்டைக்கால். இப்ப முழங்காலுக்கு வந்து நிக்குது. கீழ உக்காந்து பாக்குற பெரிய மனுஷங்க அதுக்கு 'துத்து'ன்னு பேரு வச்சிருக்காங்க. குழந்தை சூத்தைத் தட்டிக் கொஞ்சுற பேரு. அவனுங்களுக்கு எது தெரியணுமோ அதுக்குத்தான் பேரு வைப்பானுங்க."

ஒனோரின் பாவாடையை மறுபக்கம் புரட்டி அமுக்கினாள்.

போன மாதம் ஒத்திகையில் கிளாரிஸ் எரிந்தாள். பின்வரிசைப் பெண்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, பதினாறு வயது. அவள் செய்தது எல்லாப் பெண்களும் செய்வதுதான். பெஞ்சில் உட்காரும்போது அடுக்குகள் நசுங்கக்கூடாது என்று பாவாடையைப் பின்பக்கமாகத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். பின்னால் சுவரில் வாயு விளக்கு எரிந்தது. பக்கத்து ஆணியில் ஈரக் கம்பளி தொங்க வேண்டும் என்பது விதி. கம்பளி தொங்கியது. ஆனால் காய்ந்து கிடந்தது. திரைமறைவுக்கு வந்து பெண்களோடு பேசி நிற்கும் கனவான்களின் சப்பாத்தில் சொட்டுகிறது என்று அதை நனைப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. கிளாரிஸ் ஒன்பது நாள் கிடந்து செத்தாள்.

அடுத்த வாரம் நிர்வாகம் ஒரு தாள் கொண்டுவந்தது. தீப்பிடிக்காத மருந்தில் முக்கிய பாவாடை வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் 'என் சொந்த விருப்பத்தின்பேரில்' என்ற வரிக்குக் கீழே மறுபக்கம் கையெழுத்துப் போட வேண்டும். முக்கினால் துணி மஞ்சள் பூக்கும். நடன ஆசான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிழவி பல்லு மாதிரி இருக்கு. இதைக் கட்டுறவங்க ஆட வேணாம். சந்தைக் காட்சியில கூடை தூக்கிக்கிட்டு நில்லுங்க" என்றார். கிளாரிஸின் இடத்துக்கு வந்த புதுப்பெண்ணோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் 'வேண்டாம்' பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒனோரினின் மகள் லெயோனி ஐந்தாவதாகப் போட்டாள்.

அதனால்தான் நீலம். வெள்ளைத் துணி மஞ்சளானால் எந்த வண்ணாத்தியும் செய்வதுதான். ஆனால் முதல் முறை படிகாரத் தண்ணீரில் நேரே போட்டபோது நீலம் வெளுத்துச் செத்தது. அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுக்க அடித்தது. பெலாஜி ஜன்னலைத் திறந்துகொண்டு, "என்னைய இன்னைக்கே கொன்னுடாத" என்றாள். ஒனோரின் நான்கு நாள் வெட்டுத்துண்டுகளில் முயன்றாள். வெண்காரத்தை முதலில் கரைக்க வேண்டும். படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் ஆறிய பிறகு. நீலம் கடைசியில், மூன்று சிட்டிகை. நான்கு போட்டால் பிணத்தின் உதடு.

காய்ந்த துண்டை மெழுகுவர்த்தியில் காட்டினாள். ஓரம் கறுத்துச் சுருண்டது. சுடர் ஏறவில்லை. எடுத்தவுடன் அணைந்தது. முக்காத துண்டு ஒன்றைக் காட்டியபோது விரலுக்கு வந்துவிட்டது. கீழே போட்டு மிதித்தாள். இரண்டும் ஒரே வெள்ளை.

புதன்கிழமை ஒத்திகையில் லெயோனி அந்தப் பாவாடையைக் கட்டி ஆடினாள். அறுந்த கொக்கிகளைத் தைக்க ஊசியோடு ஒனோரின் ஓரத்தில் நின்றாள். நிறத்தை யாரும் பார்க்கவில்லை. பெண்கள் குதித்து இறங்கினார்கள். ஆசான் தடியால் தரையைத் தட்டினார்.

"பதினோரு பாவாடை மிதந்து இறங்குது. உன்னோடது மூட்டை மாதிரி விழுது. ஏன்?"

"தெரியல முசியே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிக்கோ. இல்லேன்னா உனக்கு ஒரு கூடை இருக்கு."

மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். லெயோனி ஓரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

உடைக்கூடத் தலைவி மதாம் ரிவால் வந்து, லெயோனியின் பாவாடை விளிம்பை இரு விரலால் தேய்த்தாள். ஒரு நூலை இழுத்து நாக்கு நுனியில் வைத்தாள். துவர்த்திருக்க வேண்டும். தன் வேலை போய்விட்டது என்று ஒனோரின் நினைத்தாள்.

"முக்கியிருக்கே. மஞ்சள் எங்க போச்சு?"

"நீலம் போட்டேன், மதாம்."

"நீலம் படிகாரத்துல நிக்காதே."

"நிக்கும். வெண்காரத்தை முதல்ல போடணும்."

"எவ்வளவு? நிதானமாச் சொல்லு."

ஒனோரின் சொன்னாள். தண்ணீர் எத்தனை வாளி, எவ்வளவு ஆறவேண்டும், எத்தனை சிட்டிகை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மதாம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "கனத்தையும் குறைச்சிடலாம், மதாம். ஒரு அடுக்கை எடுத்துட்டா போதும். பன்னெண்டு பேருக்கும் முக்கிடலாம்" என்று ஒனோரின் சேர்த்தாள்.

"பாக்கலாம்" என்றாள் மதாம் ரிவால். அது நல்ல குரலில் வந்தது.

வியாழக்கிழமை காலை கொடியில் லெயோனியின் பாவாடை ஈரமாகத் தொங்கியது. ஒனோரின் விளிம்பைப் பிடித்தாள். விறைப்பு போய் மிருதுவாக இருந்தது. ஒரு மூலையைக் கிழித்து மெழுகுவர்த்திக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. நாக்கில் வைத்தாள். வெறும் தண்ணீர்.

லெயோனி படிக்கட்டில் உட்கார்ந்து பெருவிரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்திருந்தது.

"அலசுனியா?"

"ஏழு தண்ணி விட்டு அலசுனேன்."

"எதுக்குடி?"

"கூடை தூக்க மாட்டேன்."

"கிளாரிஸைப் பாத்தேல்ல நீ."

"பாத்தேன். அவ பக்கத்துலதான் நின்னேன். உனக்குத் தெரியாததையெல்லாம் பாத்தேன்." துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். "ஏழு வயசுல கொண்டாந்து விட்டது நீதானே? கால் மடங்கலேன்னு மேல ஏறி உக்காந்தது நீதானே? இப்ப மூட்டை மாதிரி விழச் சொல்ற."

"உயிரோட விழச் சொல்றேன்."

"கூடைக்காரிய அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, அம்மா. அப்புறம் எங்க போறது? திரைக்குப் பின்னால வந்து நிக்கிற அந்தச் சப்பாத்துக்காரன் எவன் வீட்டுக்காவதா?"

ஒனோரின் அவளுக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். மகளின் கையிலிருந்து துணியை வாங்கி விரலுக்குச் சுற்றினாள். இறுக்கமாகவே சுற்றினாள்.

"மதாம் பன்னெண்டு பேருக்கும் முக்கச் சொல்லப்போறாங்க" என்றாள் ஒனோரின். "எல்லாரோடதும் ஒண்ணு போல விழுந்தா யாரை மூட்டைன்னு சொல்வான்?"

லெயோனி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"சேர்மானத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒனோரின் மேலே ஏறியபோது கூடத்தில் நான்கு புதுத் தொட்டிகள் இருந்தன. சுவரோரம் படிகார மூட்டைகள். நீலம் ஒரு ஜாடி நிறைய. அவள் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். வெண்காரத்தை எடுத்து முதல் தொட்டியில் போட்டாள்.

மதாம் ரிவாலும் இரண்டு ஆட்களும் துணிப்பொதிகளோடு வந்தார்கள். பொதியை அவிழ்த்தபோது அதே வலைத்துணிதான். அதே எட்டு அடுக்கு. ஆனால் நீளம் தரை வரை, விளிம்பில் பட்டு நாடா, இடுப்பில் முத்து.

"இது யாருக்கு?"

"வெளியே ஒரு தையல் நிலையத்து வேலை. பாரிஸ் முழுக்க இந்தப் பாவாடையைத்தான் கேக்குது. நடனப் பொண்ணுங்க மாதிரியே மேகமா வேணுமாம். விருந்துல மெழுகுவர்த்தி இருக்கும்ல, சீமாட்டிங்க பயப்படுறாங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ முக்கிடு. நீலம் சரியா இருக்கணும்."

"எங்க பிள்ளைங்களோடது?"

"அவங்கதான் எழுதிக் குடுத்திருக்காங்களே."

"சீமாட்டிங்க எழுதிக் குடுக்கலையா?"

மதாம் ரிவாலுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. "அவங்ககிட்ட போய் யாரு கேப்பாங்க?" என்றாள்.

"கனத்துப் போயிடும் மதாம். மிதக்காது."

"அவங்க எங்க குதிக்கப்போறாங்க, ஒனோரின்? நின்னுக்கிட்டு விசிறுவாங்க. விறைப்பா நின்னா இன்னும் நல்லது."

அவள் போன பிறகு பெலாஜி இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் நச்சென்று வைத்தாள். "சேர்மானத்தை ஏண்டி சொன்ன? நாக்கைக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

ஒனோரின் முதல் கவுனைத் தொட்டிக்குள் தள்ளினாள். அமுக்கினாள். காற்று குமிழாக வந்து வெடித்தது. அது முழுக அமுங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

ஒத்திகைக்கு மணி அடிக்கும்போது பதினான்கு கவுன்கள் கொடியில் தொங்கின. கனத்து, நேராக, சொட்டிக்கொண்டு. கூரைத் துவாரத்தின் காற்றுக்கு ஒன்றும் அசையவில்லை. பக்கத்துக் கொடியில் பெண்களின் பன்னிரண்டு பாவாடைகள் சும்மாவே ஆடிக்கொண்டிருந்தன.

லெயோனி வந்தாள். கவுன்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தன் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கொக்கி போட முதுகைக் காட்டி நின்றாள்.

ஒனோரின் கொக்கிகளைப் போட்டாள். பிறகு தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு எடுத்து, மகளின் பின்பக்கத் துணியில் அழுத்தினாள். இன்னொரு முறை தோய்த்து அதே இடத்தில் அழுத்தினாள்.

"அம்மா, கறை படும்."

"படாது. நீலம் சரியாத்தான் இருக்கு."

கீழே இரண்டாவது மணி அடித்தது. லெயோனி சப்பாத்து நாடாவைக் கட்டக் கூடத்தின் சுவரோரப் பெஞ்சில் உட்காரப் போனாள். உட்காருவதற்கு முன்னால், வழக்கம்போல, பாவாடையைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். சுவரில் வாயு விளக்கின் சுடர் அந்தக் காற்றுக்குச் சாய்ந்தது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் துணி எழவில்லை. மற்றதெல்லாம் எழுந்தது.