ஒரு கெண்டை கிடைத்தால் போதும்

நான்காவது ஞாயிற்றுக்கிழமையும் பென்னி வரவில்லை. நான் வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஆற்றங்கரைக்கு வந்து, தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து வைத்திருந்த உருண்டைகளில் நான்கை என் இடத்துக்கு நேரே தண்ணீரில் போட்டேன். பிறகு பத்தடி தள்ளி, பென்னி உட்காரும் உடைந்த சிமென்ட் குழாய்க்கு நேரேயும் நான்கு போட்டேன். கெண்டைக்கு இப்படித்தான் செய்ய வேண்டும். வாரா வாரம் ஒரே இடத்தில் இரை விழுந்துகொண்டிருந்தால் அந்த இடத்தை நம்பி வரும். நிறுத்தினால் வேறு பக்கம் போய்விடும். ஆளே வராத இடத்துக்கு இரை போடுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

முடிச்சூரில் ஓடுவதும் அடையாறுதான் என்றால் சென்னைக்குள் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இங்கே அது இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. மழைக்காலம் முடிந்து தை மாதம் வரைக்கும் தண்ணீர் ஓடும், கெண்டை ஏறி வரும். கோடையிலும் மடுவில் கொஞ்சம் தங்கும். இரண்டாயிரத்துப் பதினைந்தில் இதே ஆறு என் வீட்டுக்குள் கழுத்தளவு வந்து, மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு இதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று இருந்தவன்தான் நான். என் மகள் அனுப்பிரியாவுக்குக் குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஜெயஸ்ரீ பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்று போனவள் மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை. அங்கே வேலை இருக்கிறது, இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால் அந்தச் சத்தமே வீடு முழுக்கக் கேட்கும். பேசுவதற்கு ஆள் இல்லாமல் டிவிக்காரனோடு சண்டை போட ஆரம்பித்த பிறகுதான் ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கினேன்.

ஃபைபர் கம்பு, சுழலும் சக்கரம், வெளிநாட்டு ரப்பர் மீன் என்று ஒரு பை நிறைய வந்தது. யூடியூபில் ஒருவன் முழங்கை நீளக் கெண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, முதல் வாரமே அதில் ஒன்று எனக்கும் வரும் என்று நம்பி உட்கார்ந்தேன். ஆறு வாரம் ஒன்றும் வரவில்லை. பத்தடி தள்ளி ஒருவர் மூங்கில் குச்சியோடும், பழைய செருப்பை அறுத்துச் செய்த தக்கையோடும் உட்கார்ந்து, வாரம் ஒன்றோ இரண்டோ பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பென்னி. சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறார். என்னைவிட எட்டு ஒன்பது வயது சின்னவர். பேச்சில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் சொல்வேன். எழுதும்போது அவர் என்று வருகிறது.

ஏழாவது வாரம் அவராகவே எழுந்து வந்தார்.

"சார், இது கெண்ட சார். ரப்பர் மீனுக்கெல்லாம் மசியாது. இந்தாங்க, பன்னு. மஞ்சத்தூள் போட்டு பெசஞ்சிக்கினு வந்தேன்."

"பெருசா ஒண்ணும் மாட்ட மாட்டேங்குதே."

"பெருசு இன்னாத்துக்கு சார்? ஒண்ணு வந்தா கொழம்புக்கு ஆச்சு. வரலன்னா காத்து வாங்குனதா நெனச்சிக்க வேண்டியதுதான். ரெண்டு வரும்னு நெனச்சிக்கினு வந்தீங்கன்னா, ஒண்ணு வந்தாக்கூட மூஞ்சிய தூக்கி வச்சிக்கினுதான் வூட்டுக்குப் போவீங்க."

அன்றைக்கு அந்தப் பன் மாவில் எனக்கு ஒரு கெண்டை மாட்டியது. உள்ளங்கை நீளம்கூட இல்லை. வாயோரம் மயிரிழைபோல மீசை, பக்கவாட்டில் வெள்ளித் தகடு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்புக்கு யூடியூப்காரன் தோற்றான். அதன் பிறகு பெரிய கெண்டையை நான் மறந்தே போனேன். தக்கை லேசாக இரண்டு முறை தட்டும். அப்போது இழுக்கக் கூடாது. மூன்றாவது முறை சாய்ந்து ஓடும். அப்போது இழுக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருகிறோமே, அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கலாம் என்று ஆனது. பிடித்த மீனைப் பெரும்பாலும் பென்னியிடமே கொடுத்துவிடுவேன். ஒற்றை ஆளுக்கு யார் முள் எடுத்துக் குழம்பு வைப்பது?

ஏழரைக்கு அவர் பிளாஸ்கைத் திறப்பார். வரக்காப்பி. இருப்பது ஒரே மூடிதான். முதலில் எனக்கு ஊற்றித் தருவார், குடித்துவிட்டுத் தருவேன், அதிலேயே அவர் ஊற்றிக் குடிப்பார். எட்டு மணிக்கு எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்து மீன் வாடையைக் கழுவிவிட்டு, சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவார். முதல் வருட முடிவில் 'சார்' போய் 'மூர்த்திண்ணா' வந்தது. எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை. வந்தது பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வாரத்தில் மீதி ஆறு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

வராத ஆளை வீட்டில் போய்ப் பார்த்திருக்கலாம். சர்ச்சுக்குப் பின்னால், காலனியில் மூன்றாவது தெரு என்று தெரியும். ஆனால் அறுபது வருடமாக முடிச்சூரில் இருந்தும் அந்தத் தெருவுக்குள் ஒரு தேர்தல் சமயம் தவிர நான் கால் வைத்ததில்லை. போன் நம்பரும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆறும் இருக்கும்போது நம்பர் எதற்கு என்று இருந்துவிட்டேன். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, வேன் எங்காவது மோதிவிட்டதோ என்று மூன்று வாரமாக என்னென்னவோ நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அன்று திரும்பும்போது பாலத்தடியில் டீக்கடை நடத்தும் ரத்தினபாயிடம் கேட்டேன்.

"பென்னியா? நேத்துகூட இங்கதான் பன்னு வாங்கிக்கினு போனாரே. இப்பல்லாம் சனிக்கெழம சனிக்கெழம வந்துகினு கீறாரு. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லியிருந்தார், நான்தான் மறந்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்கக் கோபம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். நான் இங்கே அவன் இடத்துக்கு இரை போட்டுக்கொண்டிருக்கிறேன், அவன் முந்தின நாளே வந்து அந்த மீனைப் பிடித்துக்கொண்டு போகிறான்! வீட்டுக்கு வந்ததும் எதையாவது நகர்த்தி வைக்க வேண்டும்போல இருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் பென்னியின் எவர்சில்வர் டப்பா கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு அன்று அவர் கொண்டுவந்தது. அதைத் தூக்கி அலமாரியில் வைக்கப் போனேன். அங்கே ஆறு டம்ளர்கள் வரிசையாக இருந்தன.

அப்போதுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த அந்த ஞாயிறு காலை ஆற்றங்கரையில் நான்தான் வற்புறுத்தி அழைத்தேன், சர்ச்சு முடிந்து வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று. பதினொரு மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் டப்பா, உள்ளே கேக்கும் முறுக்கும். "சினேகா செஞ்சது மூர்த்திண்ணா, எங்க வூட்டுக்காரி. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சா." செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டார். சோபாவில் உட்கார வைத்தேன். எங்கள் அப்பா காலத்தில் பென்னியின் அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர், வாசலுக்கு வந்ததில்லை. நான் சோபாவில் உட்கார வைக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. உள்ளே போய் டீ போட்டேன். எனக்கு டம்ளரில் ஊற்றினேன். அவருக்கு, அனுப்பிரியாவின் வளைகாப்புக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப்பில் ஊற்றினேன்.

என் கையில் டம்ளர், அவர் கையில் பேப்பர் கப். அப்படியே எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பாதி குடித்துவிட்டு எழுந்தார். கப்பை வாங்கக் கை நீட்டினேன். "பரவால்ல சார், நானே வெளிய போட்டுடுறேன்" என்றார். கேட்டுக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சார் என்று சொன்னது அன்றே என் காதில் விழுந்தது. வீடு பெரியதாக இருக்கிறதே, கூச்சப்படுகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

டம்ளர் கழுவாமல் கிடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கழுவித்தான் இருந்தது, ஆறும். அதே நாள் காலை அவர் பிளாஸ்க் மூடியில், அவர் வாய் வைத்தது எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் குடித்தவன் நான். ஆற்றங்கரையில் யாரும் பார்க்கவில்லை, அதனால் குடித்தேன் என்றால், சமையலறையில் மட்டும் யார் பார்த்தார்கள்? கை தானாகப் போய் அந்தக் கப்பை எடுத்தது. கைக்கு அதை யார் பழக்கினார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி யாரோடு உட்காருவேன் என்கிற பயம் பெரிதாக இருந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஜெயஸ்ரீ போன் செய்தாள். பென்னி சனிக்கிழமைக்கு மாறிவிட்டான் என்று மட்டும் சொன்னேன்.

"அவருக்கு என்ன டூட்டியோ. நீங்க பனியில உக்காந்து சளி புடிச்சுக்காதீங்க. இரு கண்ணா, தாத்தாகிட்டதான் பேசறேன்..."

மீதியைச் சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால், இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்றிருப்பாள். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் போனேன். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டேன். பென்னி சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

"வாங்க சார்."

டப்பாவை நீட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, "சினேகாவாண்ட குடுத்துடுறேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார். என் இடத்தில் போய் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டேன். பக்கெட்டில் அவர் பிடித்த ஒற்றைக் கெண்டை அவ்வப்போது வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"பென்னி, அன்னிக்கு வீட்ல... அந்தக் கப்பு. நான் பண்ணது தப்பு. நீங்க..." நீங்க என்பது என் வாயில் புதுச் செருப்புபோலக் கடித்தது. "நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

அவர் தக்கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று மெதுவாக எங்களைக் கடந்து போனது.

"உங்க மேல ஒண்ணும் இல்ல சார். எம் மேலதான். ரெண்டு வருசமா ஆத்துல பாத்துட்டு, வூட்லயும் அப்புடியேதான் இருக்கும்னு நெனச்சிட்டேன். அவளாண்டகூட சொல்லிட்டுதான் வந்தேன். எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்னு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "தக்கைய பாருங்க சார்," என்றார், என்னைத் தடுப்பதற்காகத்தான். தக்கை சும்மாதான் நின்றது.

ஏழரை மணிக்குப் பிளாஸ்கைத் திறந்தார். அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு முறை என் பக்கம் நீட்டினால் போதும், ஊற்றாமல் நீட்டினால்கூடப் போதும். பென்னி பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் அடுக்கியிருந்த பேப்பர் கப்புகளில் ஒன்றை உருவி எடுத்தார். வாயால் ஊதி, உள்ளே ஒரு முறை பார்த்து, வரக்காப்பியை நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"எடுத்துக்கங்க சார். சூடா கீது."

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். தன் இடத்துக்குத் திரும்பி, மூடியில் தனக்கு ஊற்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி குடித்தார். எவ்வளவு நாளாக அந்தக் கப்புகளைப் பையில் வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. நான் என்றாவது ஒரு சனிக்கிழமை வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

கரை சரிவு. கப்பை எங்கே வைத்தாலும் கவிழ்ந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தக்கை லேசாக ஒரு முறை தட்டியது. பிறகு இன்னொரு முறை.

"சார்," என்றார் பென்னி, குரலைத் தாழ்த்தி.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. ஒரு கை போதும். தக்கை சாய்ந்து, அவர் பக்கமாக ஓடி, தண்ணீருக்குள் போனது. கப்பின் விளிம்பில் காப்பி ததும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.