ஒன்று கொடு, ஒன்று எடு

ஆணி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அக்கா. சின்ன வயதில் தெருவில் எது கிடந்தாலும் விடமாட்டாள். ஆணி, திருகு, பேனா மூடி, அறுந்த பொத்தான் எல்லாம் சட்டைப் பைக்குள் போய்விடும். "இதெல்லாம் எதுக்குடி?" என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள். வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வந்து, வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண் என்று பேரெடுத்த பிறகாவது அந்தப் புத்தி போனதா என்றால், எங்கே போனது!

அதிலும் முதல் வருஷக் கடைசியில் விடுதி காலியானபோது அவள் பார்த்த காட்சி இருக்கிறதே, அது அவளைத் தூங்கவிடவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மலையே குவிந்திருந்தது. நாலு காலும் நன்றாக இருந்த நாற்காலி, ஓட்டையில்லாத பக்கெட், ஓடுகிற மேசை விசிறி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. லாரி வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. விடுமுறை முடிந்து புதுப் பிள்ளைகள் வந்தார்கள். வந்த கையோடு அதே பக்கெட்டையும் அதே நாற்காலியையும் வாங்கக் கடைக்கு ஓடினார்கள். ஆணிக்கு வயிறு எரிந்தது. எந்த வீட்டிலாவது இப்படி ஒரு கூத்தை அம்மாக்காரி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

ஆணியும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். போ என்றால் மறுநாள் வந்தாள், நாளைக்கு வா என்றால் இன்றைக்கே மறுபடி வந்தாள். கடைசியில் எஸ்டேட் ஆபீசர், அதாவது வளாகத்தின் கட்டடங்களுக்கெல்லாம் பொறுப்பானவர், இவள் தொல்லை தாங்காமல் வேதியியல் கட்டடத்தில் பூட்டிக் கிடந்த பழைய சாமான் அறையின் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். அமிலம் பட்டுக் கறுத்த மர அலமாரிகள், உள்பக்கமாகத் திறக்கிற ஒரு கதவு, கோடியில் ஒரு ஜன்னல். பிள்ளைகள் அதற்கு மாத்து ரூம் என்று பேர் வைத்தார்கள். தொடங்கும்போதே விடுதி விடுதியாகக் கேட்டு வாங்கி ஆணி அறையை நிரப்பி வைத்தாள். தனக்கு வேண்டாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆணிக்குத் துணையாக அவள் வகுப்புப் பையன் நெட்டை வந்தான். மேல்தட்டில் இருப்பதை எடுக்க அவனுக்கு ஏணி வேண்டாம். ஆனால் முணுமுணுக்காமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான்.

எல்லாம் சரி, அவள் போட்ட சட்டம்தான் வினையாகிப் போனது. கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: ஒன்று கொடு, ஒன்று எடு. கொடுக்காமல் யாரும் எடுக்கக் கூடாது. "இது சரிப்பட்டு வராது" என்று நெட்டை சொல்லிப் பார்த்தான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் வளர்ந்ததே அக்காவின் பழசில். அக்காவின் சட்டை, அக்காவின் பை, அக்கா விடை எழுதி அழித்த பாடப்புத்தகம். அதுகூடப் பரவாயில்லை, அக்கா தன் அக்காதானே. பெரியம்மா வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற பழசுதான் கொடுமை. கூடவே, "நான் கொடுத்த கவுன்தானே இது?" என்று நாலு பேர் முன்னால் ஒரு பேச்சும் வரும். அந்தப் பேச்சு இன்றைக்கும் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தது. தன் ரூமுக்கு வருகிற யாரும் கைநீட்டி வாங்கினோம் என்று தலைகுனியக் கூடாது, கொடுத்தோம் எடுத்தோம் என்று நிமிர்ந்து போக வேண்டும் என்று நினைத்தாள். நல்ல நினைப்புதான், யார் இல்லை என்றார்கள்.

ஆனால் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? மேசை விசிறி வேண்டும் என்றால் கம்பி ஒடிந்த குடையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சட்டப்படி குடையும் ஒரு பொருள்தானே. நல்லது வெளியே போகப் போக உதவாக்கரை உள்ளே வந்தது. மூன்று கால் நாற்காலி, செத்துப் போன சார்ஜர், ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை எடுப்பதற்கு எந்தப் புத்திசாலி இன்னொரு பொருளைக் கொடுப்பான்? அதனால் அது வந்தது வந்ததுதான், அசையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஆபீசர் பார்வையிட வந்தார். மனிதர் கொஞ்சம் அகலம். கதவு கால்வாசி திறந்து, பின்னால் இருந்த சாமானில் இடித்து நின்றுவிட்டது. அவர் ஒரு தோளை உள்ளே விட்டார். மீதி உடம்பு வர மறுத்தது.

"என்னம்மா இது, நான் கொடுத்தது ரூமா, குப்பைத்தொட்டியா?" என்றார் அந்த இடுக்கிலிருந்தே. "நாளைக்குத் தீ கீ பிடிச்சா உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வருவாங்க? அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். இந்தக் கதவு முழுசாத் திறக்கணும். நான் நடந்து போய் அந்த ஜன்னலைத் திறக்கணும். முடியலேன்னா சாவியைக் கொடுத்துடு. ஜெராக்ஸ் மெஷின் வைக்க இடம் கேட்டு ஒருத்தர் என் உயிரை எடுத்துக்கிட்டு இருக்கார்."

"திறக்கும் சார்" என்றாள் ஆணி. இந்தச் சாவி போனால் இன்னொரு சாவி கிடைக்காது. வருஷக் கடைசி வேறு நெருங்குகிறது. மறுபடி அந்த மலை, மறுபடி அந்த லாரி.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் மாடாய் உழைத்தார்கள். வகுப்பு வகுப்பாகப் போய்க் கூப்பிட்டார்கள். வகுப்பு முடிந்த நேரமெல்லாம் கதவைத் திறந்து வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. பக்கெட் போனது, புத்தகம் போனது, வரைபலகை போனது. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ஆளும் போன பிறகு நெட்டை கதவைத் தள்ளிப் பார்த்தான். அதே கால்வாசி.

"வாரம் பூரா ஜனம் பிச்சுக்கிட்டுப் போகுது. கதவு மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது?" என்றான்.

ஆணி கதவில் ஒட்டியிருந்த தன் எழுத்தையே பார்த்தாள். ஒன்று போனால் ஒன்று வருகிறது. எத்தனை நாள் எத்தனை பேர் வந்தாலும் ரூமில் இருக்கிற எண்ணிக்கை மாறவே மாறாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரலை மடக்கிச் சொல்லிவிடும். கணிதத்தில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு இத்தனை மாதமாக அது உறைக்கவில்லை.

"இதை நீயாவது முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நானும் அதே கணக்கு வகுப்புலதானே படிக்கிறேன்" என்றான் நெட்டை.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரி, ஒன்று கொடுத்தால் இரண்டு எடுக்கலாம் என்று மாற்றிவிடலாம், மானமும் போகாது, கதவும் திறக்கும் என்று மார்க்கர் பேனாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடுத்தட்டில் ஒரு பச்சை விளக்கு. வளைகிற கழுத்து, கழுத்தில் சுற்றிய கறுப்பு டேப். அந்த டேப்பைச் சுற்றியதே ஆணிதான். அது அவளுடைய அறைத்தோழியின் படிப்பு விளக்கு.

அறைத்தோழிக்குப் பூனை என்று பேர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. உயிரியல் படிக்கிறாள். மாசக் கடைசி என்பது மற்றவர்களுக்கு மாசக் கடைசியில் வரும், பூனைக்கு மாசம் பிறந்ததுமே வந்துவிடும். ஆனால் ஒரு நாளும் யாரிடமும் ஒரு பேனாகூடக் கேட்டவள் இல்லை. விடுதிக்குக் கிளம்பும்போது அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்த விளக்கு அது. இரண்டு நாளாக மேசை இருட்டாக இருந்தது. "விளக்கு எங்கடி?" என்று ஆணி கேட்டதற்கு, "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தா விளக்கடியில் போய் உட்கார்ந்தாள். ஆணியும், சரி, ரிப்பேர் போல என்று விட்டுவிட்டாள்.

"இது எப்படா வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை. உன் ரூம் பொண்ணுதான் கொண்டுவந்து வச்சுட்டு ஒரு வெள்ளைக் கோட்டு எடுத்துட்டுப் போச்சு. அதோட கோட்டு அமிலம் பட்டுக் கிழிஞ்சுடுச்சாம், கோட்டு இல்லாம செய்முறைத் தேர்வுக்கு உள்ள விட மாட்டாங்களாம்" என்ற நெட்டை, பாராட்டாகவே சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லட்டா, இந்த வாரம் வந்ததுலயே வேலை செய்யற சாமான் அது ஒண்ணுதான்" என்றான்.

ஆணிக்கு முகம் சுண்டிப் போனது. வேண்டாதது வீட்டில் இருக்கிறவர்கள் ஒடிந்த குடையைக் கொடுத்து விசிறி எடுத்தார்கள். வேண்டாதது என்று ஒன்றுமே இல்லாதவள் வேண்டியதைக் கொடுத்திருக்கிறாள். ஒன்றுக்கு இரண்டு என்று மாற்றினாலும் அந்த ஒன்றுக்குப் பூனை எங்கே போவாள்? யாரும் தலைகுனியக் கூடாது என்று போட்ட சட்டம் கூட இருக்கிறவளையே இருட்டில் உட்கார வைத்துவிட்டது. அவமானமாக இருந்தது. விளக்கைக் கையில் எடுத்தாள். தன் சட்டத்தைத் தானே மீறுகிறோமே என்று ஒரு கணம் தடுமாறி, திரும்ப வைத்துவிட்டாள். பழக்கம் அப்படி இழுக்கிறது, என்ன செய்ய!

விடுதிக்குப் போகிற வழியில் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சும்மா கொடுத்தால் பெரியம்மா பேச்சு மாதிரி ஆகிவிடுமே என்றாள்.

அக்கா சிரித்தாள். "ஏண்டி, என் சட்டையை எத்தனை வருஷம் போட்டுக் கிழிச்சே? பதிலுக்கு எனக்கு என்ன கொடுத்தே?"

"நீ கேக்கவே இல்லையே."

"பெரியம்மாவும் எதுவும் கேக்கலை. அவங்க கொடுத்தது உனக்கு வலிக்கலைடி, கொடுத்ததைச் சொல்லிக்காட்டினதுதான் வலிச்சுது. நீ சொல்லிக்காட்டாதே, அவ்வளவுதான். அதுக்குப் போய்ச் சட்டமெல்லாம் போட்டுக்கிட்டு."

ஆணி போனை வைத்தாள். அறைக்கு வந்தபோது பூனை வராந்தாவில் சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் பற்றிக் கேட்க ஆணிக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள்: எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் வைக்க வேண்டாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"தொடைச்சு எடுத்துடுவானுங்க" என்றான் நெட்டை.

"எடுக்கட்டும். தொடைச்சாத்தான் கதவு திறக்கும்."

நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தியானத்துக்குள் செய்தி வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. நல்ல சாமான் போனதில் ஆச்சரியம் இல்லை. குப்பைக்கு ஆள் வந்ததுதான் ஆச்சரியம். பட்டறையில் படிக்கிற பையன்கள் வந்து மூன்று கால் நாற்காலிகளைச் சுமந்துகொண்டு போனார்கள். ஒன்றைப் பிரித்தால் மற்ற மூன்றுக்கும் கால் கிடைக்கும் என்றார்கள். மின்னணுவியல் படிக்கிற பிள்ளைகள் செத்த சார்ஜர்களைக் கம்பிக்காக அள்ளினார்கள். நாடகக் குழுப் பெண் ஒருத்தி ஒற்றைச் செருப்புகளைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று சண்டைக்கே வந்தாள். ஒற்றைச் செருப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் என்றால் அவளும் வந்திருக்க மாட்டாள். சும்மா என்றதும் ஒன்று விடாமல் வாரிக்கொண்டாள்.

எஸ்டேட் ஆபீசர் வந்தார். கதவைத் தள்ளினார். அது போய்ச் சுவரில் இடித்து நின்றது. மனிதர் உள்ளே நடந்தார், பக்கவாட்டில் திரும்பாமல், முழு அகலத்தோடு. ஜன்னலைத் திறந்தார். வெளிக்காற்று உள்ளே வந்தது.

"ம்" என்றார். திரும்பி வரும்போது அலமாரியில் மிச்சம் இருந்த கெட்டில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை செய்யுமா?"

"செய்யும் சார்."

"எங்க ஆபீஸ்ல இருந்தது போயிடுச்சு. இதுக்கு நான் என்ன வைக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். எடுத்துக்குங்க."

அவர் கெட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும். வருஷக் கடைசிக்கு விடுதிக்குப் பின்னாடி லாரி வர்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று முதுகைக் காட்டியபடியே சொல்லிவிட்டுப் போனார்.

நெட்டை ஜன்னல் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தான். ஆணியும் சிரித்தாள். அப்போதுதான் நடுத்தட்டு அவள் கண்ணில் பட்டது. காலியாக இருந்தது.

"விளக்கு எங்கடா?"

நெட்டை விழித்தான். "யாரோ எடுத்துட்டாங்க போல. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு நீதானே எழுதினே? நான் எதையும் கேக்கலை."

அலமாரி முழுக்கத் தேடினாள், இல்லை. காலையிலேயே எடுத்து ஓரமாக வைத்திருக்க வேண்டாமா? ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, யாருக்காகச் சட்டத்தைக் கிழித்தாளோ அவள் பொருளைக் கோட்டை விட்டுவிட்டாள். அண்ணன் வாங்கிக் கொடுத்த விளக்கு. கிடைத்த சாவிகூடக் கையில் கனத்தது. பூனையிடம் இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுவது, அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு, கால் போக மறுக்கிற வேகத்தில் விடுதிக்கு நடந்தாள்.

வராந்தாவில் பூனை இல்லை. அறைக் கதவைத் தள்ளினாள்.

மேசை மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பூனை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆணி வாசலிலேயே நின்றாள். என்ன கொடுத்தே என்ற கேள்வி பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள்.

பூனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட எதற்கும் கை நீட்டாத பெண், கூச்சமே இல்லாமல் சொன்னாள்: "எடுத்துக்கலாம்னு போட்டிருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."