பன்னிரண்டு காவலர்கள்

அந்த இணைய விளையாட்டு நிறுவனத்தின் முதலாளி, விளையாடுகிறவர்களை வாடிக்கையாளர் என்று மறந்தும் சொல்லமாட்டார். 'நம் குடும்பம்' என்பார். நாற்பது லட்சம் பேர் உள்ள குடும்பம். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பெரியப்பா என்றார்கள். குடும்பத்தின் சண்டை சச்சரவுகளைக் கவனிக்கப் பன்னிரண்டு காவலர்கள் இருந்தார்கள். போன வருஷம் பெரியப்பா கனத்த இதயத்தோடு ஒரு கடிதம் எழுதிப் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார். பதிலுக்கு அடியில் பெயருக்குப் பதிலாக அவர்கள் போட்ட எண்களை மட்டும் அனுப்பவில்லை. மிச்சமிருந்த ஒருத்தி பன்னிரண்டு பேராகவும் ஆனாள்.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சொந்தமாக ஒரு வரி எழுத அனுமதி கிடையாது. பதினான்கு பதில்கள் தயாராக இருக்கும்; பொருத்தமான எண்ணை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடம் வேலை பார்க்கிறோம் என்று வீட்டில்கூட மூச்சு விடுவதில்லை என எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். தம்பியிடம் ஏதோ வங்கிக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லிவைத்திருந்தாள்.

தம்பி அடுத்த அறையில் இருந்தான். ஆலையில் கால் போய் இரண்டு வருஷம். கூட வேலை பார்த்தவர்கள் முதல் மாதம் நேரில் வந்தார்கள், இரண்டாம் மாதம் போன் செய்தார்கள், அத்தோடு சரி. இப்போது அவனுக்கென்று இருந்தது அந்த விளையாட்டில் ஓர் ஏரிக்கரையும், மாலையானால் அங்கே கூடி மீன் பிடிக்கிற நாலு பேரும்தான். சாப்பிடும்போது காவலர்களைப் பற்றி அக்காவிடம் கதை கதையாகச் சொல்வான்.

"ஏழாம் நம்பர் சுத்தக் கல்லுளிமங்கன்க்கா. மூணாம் நம்பர் பரவாயில்ல, மனுஷத்தன்மை இருக்கு."

அவள் தட்டைவிட்டு நிமிரமாட்டாள். மூன்றாம் காவலர் என்ற முறையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஒருநாள் பெரியப்பா ஏரியைத் தூர்த்துக் கடைவீதி ஆக்கினார். 'குடும்பத்தின் விருப்பத்துக்கு இணங்க' என்றது அறிவிப்பு. அதன்கீழ் தம்பி எழுதினான்: 'குடும்பச் சொத்தை வித்துத் தின்கிற பெரிய மனுஷன் எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பார். இங்க நீங்க.' ஒரு மணி நேரத்தில் ஒன்பதாயிரம் பேர் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆளை நிரந்தரமாக நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுத்தால் பன்னிரண்டாவது ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டில் உலை வைப்பதும் அவள்தான். ஏழாம் காவலர் நீக்கினார்.

மேல்முறையீட்டை வேறொரு காவலர்தான் விசாரிக்க வேண்டும் என்பது கறாரான விதி. அதன்படி ஏழு, மனுவை மூன்றிடம் ஒப்படைத்தார்.

தம்பி எழுதியிருந்தான்: 'தப்புதான். ஏரி போனாப் போகட்டும். அந்த நாலு பேரோட பேச எனக்கு வேற வழி கிடையாது, அவங்க நிஜப் பேர்கூடத் தெரியாது. எனக்குக் கால் இல்லேங்கறது அவங்களுக்குத் தெரியாது. எங்கக்காவுக்கு நான் ஏற்கெனவே பாரம், அவகிட்ட அழ முடியல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.'

மறுபடி சேர்க்கப் பெரியப்பாவின் சம்மதம் வேண்டும். கேட்டாள். 'குடும்பத்துக்கு ஒழுங்கு முக்கியம்' என்று ஓர் இதயப் படத்தோடு பதில் வந்தது.

ஒன்பதாம் எண்ணை அமுக்கினாள். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி. முடிவில் மாற்றம் இல்லை.' சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போன் டிங் என்றது.

பொறுக்கமுடியாமல் எழுந்து போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகப் பதினான்கு பதில்களையே மென்ற வாய், பழகிய தடத்திலேயே போயிற்று.

"உன் வருத்தம் எங்களுக்குப் புரியுதுடா. உன் பொறுமைக்கு…"

பாதியில் நிறுத்தினாள். அந்த 'எங்களுக்கு' அறையிலேயே நின்றது. அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீ எத்தனாவது நம்பர்க்கா?"

"எல்லாம் நான்தான்டா."

போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

"மூணுமா?"

தலையாட்டினாள். அவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.